குடையம்மா தூங்குகிறாள்

"இல்லத்தரசியின் உழைப்புக்கு விலையே கிடையாது. போட்டுட்டியாம்மா?" என்று கேட்டார் மாமனார்.

"போட்டுட்டேன் மாமா" என்றாள் மருமகள்.

போட்டுவிட்டாள்தான். ஆனால் இடது கையால் தட்டிப் போட்டாள். வலது கை அடுப்பில் கரண்டியோடு இருந்தது. லேப்டாப் சமையல் மேடையில், மாவு டப்பாவுக்கும் பால் பாத்திரத்துக்கும் நடுவே ஒண்டிக்கொண்டிருந்தது. இரண்டரை வயது மகள், வீட்டில் எல்லோரும் வாண்டு என்று கூப்பிடுவார்கள், அவளுடைய காலைக் கட்டிக்கொண்டு மூக்கை அவள் முழங்காலில் துடைத்துக்கொண்டிருந்தாள். மாமனார் மட்டும் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு, கால்மேல் கால் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு சொற்பொழிவைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"விலையே கிடையாதுங்கறதைவிட, விலைமதிப்பற்றதுன்னு போடு. அதுதான் எடுப்பா இருக்கும். அப்படியே ஒரு டீ."

மாமனார் நில அளவைத் துறையில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். கண்ணில் பட்ட நிலத்தையெல்லாம் அங்குலம் அங்குலமாக அளந்து கல் நட்டவர். அளக்கவே முடியாத ஒரு சமாசாரம் இந்த உலகத்தில் உண்டு, அது பெண்கள் வீட்டில் செய்கிற வேலை என்று ஓய்வுபெற்ற பிறகு கண்டுபிடித்திருந்தார். இரண்டு வாரம் முன்னால் ஏதோ ஒரு பத்திரிகையில், வீட்டுவேலைக்கும் பணமதிப்பு போட்டு நாட்டின் வருமானத்தில் சேர்க்க வேண்டும் என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதைப் படித்த நாளிலிருந்து மனுஷர் கொதித்துப்போயிருந்தார். தாயைக் கூலிக்காரி ஆக்குகிறார்களாம். அந்தக் கொதிப்பு எங்கேயாவது போய் இறங்க வேண்டுமே, கீழ்த்தளத்துக் குழந்தைகள் காப்பகத்தின் தலையில் போய் இறங்கியது. இருபத்து நான்கு வீடுகள் உள்ள அந்த அடுக்குமாடிக்கு அவர்தான் சங்கச் செயலாளர். வருகிற ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்குழுவில் முதல் பொருளே காப்பகத்தை மூடுவதுதான். இரண்டாவது, அடிக்கடி நின்றுபோகிற லிஃப்ட்டின் பழுது. மூன்றாவது, அவரையே மறுபடியும் செயலாளராகத் தேர்ந்தெடுப்பது.

"அடுத்த பத்தி. என் சொந்த மருமகளையே எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். "பட்டம் வாங்கியவள். ஆனால் பெற்ற குழந்தையை ஒரு நாள், ஒரு மணி நேரம், வேறு ஒருவர் கையில் ஒப்படைத்ததில்லை."

கரண்டி பாத்திரத்தில் இடித்தது.

"என்னம்மா?"

"ஒண்ணும் இல்ல மாமா. ஒப்படைத்ததில்லை. போட்டுட்டேன்."

"உங்க அத்தையும் அப்படித்தான். பகல்ல ஒரு நாள் கண்ணை மூடினவ இல்ல."

இதை அவர் வாரத்துக்கு இரண்டு முறையாவது சொல்லுவார். அத்தை பகலில் கண்ணை மூடாதவர்தான். ஐம்பத்திரண்டாவது வயதில், ஒரு மத்தியான வேளையில், துணி மடித்துக்கொண்டிருக்கும்போதே ஒரேயடியாக மூடிவிட்டார். அந்தப் பகுதியை மாமனார் சொற்பொழிவில் சேர்ப்பதில்லை.

தீர்மானத்தின் வாசகத்தில் முதலில், "மூன்று மாத அவகாசம் அளித்து" என்று சொன்னார். அவள் தட்டி முடித்தபின் மூக்கைச் சொறிந்துகொண்டு யோசித்தார். "அவகாசம்னு போட்டா நம்மள இளிச்சவாயன்னு நினைப்பாங்க. அதை எடு. 'இத்தீர்மானம் கையெழுத்தான கணமே அமலுக்கு வரும்'னு போடு."

"கணமேவா மாமா?"

"கணமே."

போட்டாள். சொன்னதைப் போடுவதுதான் அவள் வேலை. சம்பளமில்லாத தட்டச்சாளருக்குச் சொந்தக் கருத்து எதற்கு?

அதற்கப்புறம் இன்னொரு கடிதம் சொன்னார். அதைத் தட்டும்போது அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பொதுக்குழுவுக்குக் குழந்தைகளை அழைத்து வரக்கூடாது என்று சங்கத்தில் ஒரு விதி. போன வருஷம் ஒரு குழந்தை நடவடிக்கைப் புத்தகத்தில், நிறைவேறிய தீர்மானத்தின் மேலேயே ஒரு பஸ் வரைந்துவிட்டது. அதிலிருந்து அந்த விதி. குழந்தைகளை அழைத்து வரக்கூடாதென்றால் எங்கே விடுவது? ஞாயிற்றுக்கிழமை காப்பகம் விடுமுறை. ஆகவே மாமனார் காப்பகத்துக்குச் சங்க முத்திரையோடு எழுதினார்: 'காப்பகத்தை நிரந்தரமாக மூடுவது பற்றிய விவாதத்தில் பெற்றோர் இடையூறின்றிக் கலந்துகொள்ளும் பொருட்டு, ஞாயிறு மாலை நான்கு முதல் ஆறு வரை காப்பகத்தைத் திறந்து வைத்து, சேவை மனப்பான்மையுடன் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.'

"மாமா, இது…" என்று இழுத்தாள்.

"ஏன், எழுத்துப் பிழையா?"

"இல்ல மாமா."

"அப்ப பிரிண்ட் எடு. நீதான் சும்மா இருக்கியே, அப்படியே கீழ கொடுத்துட்டு வந்துடு."

மாமனார் தினமும் பத்தேகால் மணிக்கு நூலகத்துக்குப் போவார். பன்னிரண்டே முக்காலுக்குச் சாப்பாட்டுக்குத் திரும்புவார். முப்பத்தாறு வருஷ அலுவலகப் பழக்கம், ஒரு நிமிஷம் முன்னே பின்னே இருக்காது. அவர் தெருமுனை திரும்புவதை ஜன்னலில் பார்த்துவிட்டு, பத்தரைக்கு அவள் வாண்டுவைத் தூக்கிக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்குவாள். ஐந்து மாதமாக இது நடக்கிறது. சொற்பொழிவில் வரும் அந்த உத்தம மருமகள், தினமும் இரண்டு மணி நேரம் பிள்ளையைக் காப்பகத்தில்தான் விடுகிறாள்.

விட்டுவிட்டு என்ன செய்கிறாள்? வேலைக்குப் போகிறாளா, பரீட்சைக்குப் படிக்கிறாளா, இரகசியமாகத் தொழில் ஏதாவது நடத்துகிறாளா? அப்படியிருந்தால் சொல்லிக்கொள்ள ஒரு கௌரவமாவது இருக்கும். அவள் தூங்குகிறாள். காப்பகத்துக் கூடத்தின் மூலையில், குழந்தைகளுக்கான பாயில், முழங்காலை மடக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிறாள்.

வாண்டு பிறந்ததிலிருந்து ராத்திரியில் மூன்று முறை, நான்கு முறை எழுந்து அலறும். கணவன் மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி. மாதத்தில் இருபது நாள் பையைத் தூக்கிக்கொண்டு வெளியூர். மிச்சப் பத்து நாளும் வேலைக்குப் போகிற மனுஷன் என்பதால் தூக்கம் கெடக்கூடாது. ஐந்து மாதம் முன்னால் ஒரு நாள் காலை, அவள் வாண்டுவைப் பிளாஸ்டிக் தொட்டியில் உட்காரவைத்துக் குழாயைத் திறந்துவிட்டு, பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததுதான் தெரியும். பாதம் சில்லிட்டபோது விழித்தாள். தொட்டி நிரம்பித் தரையெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. தண்ணீர் வாண்டுவின் உதடுவரை ஏறியிருந்தது. வாண்டு அதைச் சப்பிக் குடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஈரப் பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு நான்கு மாடியும் படியில் இறங்கினாள். எதற்கு இறங்குகிறோம் என்றே தெரியவில்லை. காப்பகத்து வாசலில் நின்று, "அக்கா, ஒரு அரை மணி நேரம்…" என்று ஆரம்பித்தாள். காப்பகத்தை நடத்துகிற அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நடந்தது என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"குழந்தையை இப்படிக் குடு. நீ முதல்ல படு" என்றாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது. காசு கொடுக்க அவளிடம் இல்லை. வீட்டில் கேட்டால் எதற்கு என்று சொல்ல வேண்டும். அதனால் தூங்கி எழுந்தபின் பன்னிரண்டரை வரைக்கும் ஒன்பது பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிவிடுவாள். அக்காவுக்கும் அப்போதுதான் கொஞ்சம் உட்கார நேரம் கிடைக்கும்.

காப்பகத்துச் சுவரில் பை மாட்டுகிற கொக்கிகள் வரிசையாக இருக்கும். எழுத்துத் தெரியாத பிள்ளைகளுக்காக ஒவ்வொரு கொக்கிக்கும் மேலே ஒரு படம். சூரியன், மீன், பஸ், மணி எல்லாம் ஏற்கெனவே போய்விட்டது. வாண்டுவுக்குக் கிடைத்தது குடை. பிள்ளைகளுக்கு அம்மாக்களும் அந்தப் படம்தான். சூரியம்மா வந்தாச்சு, பஸ்ஸம்மா வரல என்பார்கள். அப்படி இவள் குடையம்மா ஆனாள். குடையம்மா மூலையில் படுத்தால் யாரும் சத்தம் போடக்கூடாது என்று அக்கா ஒரு பழக்கம் ஏற்படுத்தியிருந்தாள். ஒன்பது பிள்ளைகளும் உதட்டில் விரல் வைத்துக்கொண்டு, சுவரோரமாகச் சம்மணம் போட்டுப் படப் புத்தகம் புரட்டும். அதை அவள் கண்ணால் பார்த்ததில்லை. தூங்குகிறவளுக்கு எப்படித் தெரியும்? அக்கா சொல்லித்தான் கேள்வி.

அன்றைக்குச் சங்கத்தின் கடிதத்தைக் கொடுத்தபோது அக்கா இரண்டு முறை படித்தாள்.

"என்னை மூடறதுக்கு என்னையே தொறக்கச் சொல்றாரா?"

"ஆமாக்கா."

"அதுவும் ஓசியில."

"சேவை மனப்பான்மைன்னு போட்டிருக்கேன்க்கா."

"நீ போட்டியா?" என்று கேட்டு அக்கா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "எனக்கு ஓட்டு கிடையாது. நான் வாடகைக்கு இருக்கறவ. வீட்டு ஓனர் வெளிநாட்டுல. உனக்கு உண்டா?"

"வீட்டுக்கு ஒரு ஓட்டுதான்க்கா. வீடு வாண்டு அப்பா பேர்ல. கையை மாமா தூக்குவாரு."

"அப்ப உனக்கு அங்க என்ன வேலை?"

"நான் உதாரணம்" என்றாள்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஆறாவது மாடிக் கூடத்தில் சங்கம் கூடியது. அதற்கு முன் கீழ்த்தளத்தில் ஒரு வரிசை நின்றது. காப்பகம் வேண்டும் என்கிறவர்களும் வேண்டாம் என்கிறவர்களும் ஒருவர் பின் ஒருவராக நின்று பிள்ளையை ஒப்படைத்தார்கள். பதினான்கு பிள்ளைகள். காப்பகத்து வாசலையே மிதிக்காத நான்கைந்து வீட்டுப் பிள்ளைகளும் அதில் உண்டு. "கொஞ்சம் பால் மட்டும் குடுத்துடுங்க", "இவனுக்கு எறும்புன்னா பயம்" என்று ஆளாளுக்குச் சொல்லிவிட்டு, காப்பகத்தின் தீமைகளைப் பற்றிப் பேச மேலே ஏறினார்கள். மருமகளும் வாண்டுவை விட்டாள். மாமனாரே சொன்னார். "இன்னைக்கு ஒரு நாள்தானே, பரவாயில்ல. குழந்தைக்குப் புது இடம், அழும். கவனமா பாத்துக்கச் சொல்லு." வாண்டு அவள் கையை உதறிவிட்டு நேரே போய்க் குடைக் கொக்கியில் பையை மாட்டியது. நல்லவேளை, அவர் அதற்குள் லிஃப்ட்டுக்காகப் போய் நின்றிருந்தார்.

கூட்டம் அமோகமாக நடந்தது. மாமனார் மைக்கைப் பிடித்து இருபது நிமிஷம் தாய்மையைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார். அந்த நேரத்தில் நாற்காலிகளை இழுத்துப் போட்டது, தட்டில் டீ கொண்டுபோனது, கொட்டிய டீயைத் துடைத்தது எல்லாம் மருமகள். இரண்டாவது மாடி ஆடிட்டர் எழுந்து, பெண்களின் உழைப்புக்கு மதிப்பு போடுவதில் தப்பில்லை என்று சொல்லி, சமையல்காரர், சலவைக்காரர், ஆயா, காவலாளி என்று ஒவ்வொரு சம்பளமாகக் கூட்டிக்கொண்டே போனார். தொகை தன் சொந்தச் சம்பளத்தைத் தாண்டியதும், கால்குலேட்டரில் பேட்டரி சரியில்லை என்று உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

காப்பகத்துக்காகப் பேசியது ஐந்தாம் மாடி வக்கீலம்மா. அவர் பிள்ளைதான் பஸ் கொக்கி. நன்றாகத்தான் பேசினார். வேலைக்குப் போகிற பெண்கள் பிள்ளையை அம்போ என்று விட்டுவிட்டா போக முடியும் என்று கேட்டார். மருமகளுக்கு எழுந்து நின்று கைதட்டலாம் போல இருந்தது. அப்போதுதான் வக்கீலம்மா அடுத்ததைச் சொன்னார்.

"வீட்ல இருக்கறவங்களுக்கு இது தேவையில்லைதான், ஒத்துக்கறேன். நாங்க யாரும் பிள்ளையை விட்டுட்டுக் காலை நீட்டித் தூங்கறதுக்காகக் கேக்கல."

கூடமே தலையாட்டியது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு கட்சிக்கும் கருத்து வேறுபாடே இல்லை. மருமகள் காலித் தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இப்போ என் மருமகள் ரெண்டு வார்த்தை பேசுவா" என்றார் மாமனார்.

அவர் எழுதிக் கொடுத்தது மூன்று வாக்கியம். என் குழந்தைதான் என் உலகம். தாயின் மடிக்கு ஈடு எதுவும் இல்லை. நான் ஒரு நாளும் களைப்பை உணர்ந்ததில்லை. மூன்றாவதைச் சொல்லும்போது கொட்டாவி வந்தது. பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு சொன்னாள். கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயம்தான், வேறு என்ன?

பின்வரிசையில் கணவன் போனை நோண்டிக்கொண்டிருந்தான். ஓட்டெடுப்பு வந்தபோது அவன் வீட்டுக்காக மாமனார் கையைத் தூக்கினார். வந்திருந்தது இருபது வீடு. மூட வேண்டும் என்று பதினொன்று, வேண்டாம் என்று ஒன்பது. மாமனார் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டு, ஊதிக் காயவைத்து, நகலை அவளிடம் நீட்டினார்.

"கீழ குடுத்து கையெழுத்து வாங்கிட்டு வந்துடும்மா. நாங்க லிஃப்ட்டைப் பேச ஆரம்பிக்கறோம்."

கீழே போனாள். பிள்ளைகள் பதினான்கும் மும்முரமாக அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். முகம் கறுத்துவிட்டது. ஆறு வருஷமாகக் கட்டிக்காத்த பிழைப்பு. மருமகளுக்கு நாளைக்குப் பத்தரை மணி கண்முன்னால் வந்தது. குளியலறை வந்தது. குழாய் வந்தது.

"கணமேன்னு போட்டிருக்கே, எப்போலேர்ந்து?" என்று அக்கா கேட்டாள்.

மருமகள் கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "மாமா கையெழுத்துப் போட்டது அஞ்சு மணி பத்து நிமிஷத்துக்கு. இப்ப அஞ்சே கால். அஞ்சு நிமிஷமா இது காப்பகம் இல்லக்கா."

"அப்ப இந்தப் புள்ளைங்க?"

"அனுமதியில்லாம இங்க இருக்காங்க."

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். பிறகு நகலில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கைதட்டினாள். "புள்ளைங்களா, ரயில் கட்டுங்க."

பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து ரயில் கட்டினார்கள். லிஃப்ட்டில் மூன்று நடை. ஆறாவது மாடிக் கூடத்தின் கதவு திறந்தபோது லிஃப்ட் ஒப்பந்தக்காரரின் விலைப்பட்டியலை மாமனார் வாசித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது? ஆறு மணி வரைக்கும்னு எழுதியிருந்தேனே?"

"அது முன்னாடி எழுதின கடுதாசி சார்" என்றாள் அக்கா, ரொம்பப் பணிவாக. "தீர்மானம் அதுக்கப்புறம் வந்தது. அமலுக்கு வந்தாச்சுன்னு உங்க மருமக கையில குடுத்து அனுப்பியிருக்கீங்க. நான் சட்டத்தை மீறலாமா? யார் யார் புள்ளையோ, எண்ணி வாங்கிக்குங்க."

அடுத்த ஐந்து நிமிஷத்தில் சங்கம் சந்தி சிரித்தது. ஒன்று மைக் வயரைப் பிடித்து இழுத்தது. ஒன்று விலைப்பட்டியலைத் தின்னப் பார்த்தது. எறும்புக்குப் பயந்தவன் தரையில் எறும்பைக் கண்டுபிடித்து ஊரைக் கூட்டினான். போன வருஷம் பஸ் வரைந்த கலைஞன், நடவடிக்கைப் புத்தகத்தைத் தேடி மேஜைக்கடியில் புகுந்தான். தாயின் மடிக்கு ஈடில்லை என்று கைதட்டிய அப்பாக்கள், மடியில் ஏறிய பிள்ளையை என்ன செய்வதென்று தெரியாமல் திருதிருவென்று விழித்தார்கள். மாமனார், "அமைதி, அமைதி" என்று கத்தக் கத்த, அது இன்னொரு விளையாட்டு என்று நினைத்துப் பிள்ளைகளும் கூடச் சேர்ந்து கத்தின.

"யாராவது இதுங்களைப் பாத்துக்குங்களேன்" என்று அவர் கெஞ்சினார். அவர் கண் தன்னிச்சையாக மருமகள் பக்கம் போனது. "நீ சும்மாதானேம்மா நிக்கறே."

அவள் நின்றுகொண்டிருந்தாள். உள்ளங்கால் எரிந்தது. கண்ணிமை கல் கட்டிவிட்ட மாதிரி இழுத்தது. இந்தக் கூட்டத்தை எப்படி அடக்குவது என்று அவளுக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். ஆனால் அதைச் செய்தால் ஐந்து மாத இரகசியம் மாமனார் முன்னால், கணவன் முன்னால், இருபது வீட்டுக்கு முன்னால் பல்லிளித்துவிடும். செய்யாவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. உத்தம மருமகள் நாளைக் காலை பிள்ளையை எடுத்துக்கொண்டு குளிப்பாட்டப் போவாள்.

தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். மேடைக்கு முன்னால் விரித்திருந்த கம்பளத்தின் மூலைக்குப் போனாள். முழங்காலை மடக்கி, கையைத் தலைக்கு அணையாக வைத்துப் படுத்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

முதலில் கேட்டது வாண்டுவின் குரல். "ஷ்ஷ்ஷ்."

அப்புறம் பஸ் கொக்கிப் பையன் தன் அம்மாவின் வாயைப் பொத்தினான். "சத்தம் போடாதம்மா. குடையம்மா தூங்கறாங்க."

"யாருடா குடையம்மா?" என்று கேட்டது வக்கீலம்மாவின் குரல்.

"தினமும் தூங்குவாங்கல்ல, அவங்க."

எங்கேயோ ஒரு நாற்காலி நகர்ந்தது. சின்னப் பாதங்கள் சுவரோரமாக ஓடி உட்காருகிற சத்தம். பிறகு சத்தமே இல்லை. இப்போது மாமனார் கேட்பார், இப்போது கேட்பார் என்று அவள் காத்திருந்தாள். நடிக்கத்தான் கண்ணை மூடினாள். ஆனால் ஐந்து மாதமாக அந்த 'ஷ்ஷ்' கேட்டால் தூங்கிப் பழகிய உடம்பு அது.

மிச்சத்தையெல்லாம் கூட்டத்துக்கு வந்திருந்த மூன்றாம் மாடி நர்ஸ் சொல்லித்தான் அவள் தெரிந்துகொண்டாள். பதினான்கு பிள்ளைகளும் உதட்டில் விரல் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்களாம். புதுப் பிள்ளைகளும் மற்றதைப் பார்த்து விரலை வைத்துக்கொண்டார்களாம். மாமனார் பேயறைந்த மாதிரி நின்றுவிட்டு, "தினமுமா?" என்று வாயைத் திறந்ததும், வாண்டு போய் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து, குனியவைத்து, தன் விரலை எடுத்து அவர் உதட்டில் வைத்ததாம். அக்கா அவர் காதோரமாகப் போய், "ஒரு மணி நேரம் தாங்கும் சார். அதுக்குள்ள மீதியை முடிச்சுக்குங்க. அவ எழுந்துட்டா என்னால எதுவும் சொல்ல முடியாது" என்றாளாம்.

அதனால் மீதிக் கூட்டம் ஊமைக் கூட்டமாக நடந்தது. முதல் தீர்மானத்தை ரத்து செய்யலாமா என்று நர்ஸ் ஒரு தாளில் எழுதி எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். எதிர்த்துப் பேச எழுந்தவர்களைப் பிள்ளைகள் அடக்கி உட்காரவைத்தார்கள். கைகளை மட்டும்தான் எண்ண முடிந்தது. முதலில் கையைத் தூக்கியது வக்கீலம்மா. கண் கலங்கியிருந்தது என்றார் நர்ஸ். ரத்து செய்யப் பதினாறு கை. அதில் பதினாறாவது, பின்வரிசையிலிருந்து அவள் கணவனுடையது. வெகுநேரம் கம்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தூக்கினானாம். மாமனாரின் மறுதேர்தலுக்கு நேரம் போதவில்லை.

மறுநாள் காலை மாமனார் நூலகத்துக்குப் போகவில்லை. முந்தின நாளிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர், சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டார். நடவடிக்கைக் குறிப்பை எழுதியாக வேண்டும். அவர் சொல்ல, அவள் இடது கையால் தட்டினாள். முதல் தீர்மானம் வரைக்கும் தங்கு தடையில்லாமல் வந்தது. அதற்குப் பிறகு திணறினார்.

"மாலை ஐந்தரை மணி அளவில், உறுப்பினர் ஒருவரின் மருமகள்…" என்று ஆரம்பித்து நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தூங்கினாள் என்று சங்கப் புத்தகத்தில் எப்படி எழுதுவது? பிற்காலத்தில் யாராவது படித்தால்? "வேண்டாம், அதை எடு. 'இல்லத்தரசி ஒருவர் பணியில் இருந்த காரணத்தால், ஏனைய பொருள்கள் சைகை மூலம் விவாதிக்கப்பட்டன.' இப்படிப் போடு."

"பணியிலயா மாமா?"

"டைப் பண்ணும்மா."

போட்டாள். அவர் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் போட்டாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து இருபத்தெட்டு. அடுப்பை அணைத்தாள். லேப்டாப்பை அப்படியே தூக்கிக்கொண்டு போய் மாமனார் மடியில் வைத்தாள். வாண்டு ஏற்கெனவே பையை மாட்டிக்கொண்டு கதவருகே நின்றது.

"மீதியை நீங்களே டைப் பண்ணிக்குங்க மாமா. எனக்கு நேரமாச்சு."

"எங்கம்மா போற?"

"தூங்கறதுக்கு" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.